பதவியைக் கொடுத்தேன், நம்பரைக் கொடுக்கவில்லை

அறுபது வயது ஆனதும் பொறுப்பை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று நான் அறிவித்தது கைதட்டலுக்காக. அதை நம்புகிற அளவுக்குக் கெட்டவர்கள் எங்கள் கமிட்டியில் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டேன்.

எங்களுடையது சின்ன அறக்கட்டளை. சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வேனில் ஏற்றி, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், டயாலிசிஸ் முடிந்ததும் திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். ஒரு வேன், ஒரு டிரைவர், ஒரு மாடி அறை. அவ்வளவுதான் ஸ்தாபனம். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் மெஷின் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நம் முறைக்கு நாம் போய்ப் படுக்கவில்லை என்றால் அடுத்த ஆள் படுத்துவிடுவார். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும், மனிதர்கள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியலைப் பார்ப்பார்கள். ஆகவே வேன் நேரத்துக்குப் போக வேண்டும். இதைத் தவிர எங்களுக்கு வேறு வேதம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போன வீட்டில் எழுந்து நின்று "அப்ப வாரேன்" என்றால், வீட்டுக்காரர் "இருங்க, அதுக்குள்ள என்ன அவசரம்" என்பார். மறுபடியும் எழுந்தால் மறுபடியும் சொல்வார். பிறகு வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுவோம். ராஜினாமாவும் இந்த வகைதான் என்று நான் நம்பியிருந்தேன். கமிட்டித் தலைவர் புளியங்குடியில் எலுமிச்சம்பழக் கமிஷன் கடை வைத்திருப்பவர். ஏலம் விட்டே பழகிய வாய். நான் பேசி முடித்ததும், கைதட்டல் அடங்குவதற்கு முன்பே, "நல்ல முடிவு அண்ணாச்சி. தீர்மானமா எழுதிக்கிடுவோம்" என்றார். ஒருதரம் இல்லை, இரண்டுதரம் இல்லை, நேரே மூன்றுதரம்.

"எதுக்கு இவ்வளவு வெரசா? இன்னும் ரெண்டு வருசம் கெடக்கே" என்றேன்.

"அதத்தான் சொல்லுதேன். ரெண்டு வருசம் இருக்கு. பைய பைய ஏற்பாடு பண்ணிக்கிடலாம்லா."

பைய பைய ஏற்பாடு பண்ணுவதற்கு மதுரையிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். சட்டையை உள்ளே விட்டு, லேப்டாப்பைத் திறந்து, என்னை நோயாளி மாதிரி பார்த்துக்கொண்டு, "உங்க எக்ஸிட் பிளான் என்ன சார்?" என்று கேட்டார்.

"வாசல் வழியாத்தான் தம்பி. இங்கன மாடிப்படி ஒண்ணுதான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அதையும் தட்டச்சு செய்துகொண்டார்.

எனக்குப் பிறகு யார் என்பதற்கு அவர் கண்டுபிடித்த விடை, எங்களிடமே பல வருஷமாக நோயாளிகளின் முறைகளைக் கவனித்துவந்த சிவகிரிப் பெண். வயது நாற்பதுக்குக் கீழே. வேலையில் குறை சொல்ல முடியாது. நான் முயன்று பார்த்தேன். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, என் நகைச்சுவைக்குச் சிரித்ததே இல்லை. இன்னொன்று கொஞ்சம் பெரியது. அவர் "முடியாது" என்று வாய்விட்டுச் சொல்லுவார்.

இதன் பயங்கரம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஊரில் முடியாது என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. "பாக்கேன்" என்போம். "சொல்லுதேன்" என்போம். நெருக்கினால் போனை எடுக்காமல் இருந்துவிடுவோம். அதிலிருந்து எதிராளி புரிந்துகொள்வார். அவர் புரிந்துகொண்டார் என்று நாமும் புரிந்துகொள்வோம். அடுத்த கல்யாண வீட்டில் பார்க்கும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். இருபது வருஷத்துக்கு மேலாக நான் இந்த முறையில்தான் ஸ்தாபனத்தை ஓட்டினேன். வேனின் முன்சீட்டு வேண்டும் என்று ஒருவர் கேட்டால், "உமக்குத்தான் வே" என்பேன். அடுத்தவர் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வேன் கிளம்பும் நேரத்துக்கு என் போன் அடித்துக்கொண்டே இருக்கும். நான் குளித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சண்டையை டிரைவரும் இந்தப் பெண்ணும் தீர்த்து முடித்த பிறகு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து எல்லாரிடமும் நலம் விசாரிப்பேன். நல்ல மனுசன் என்று பெயர் வாங்கியது இப்படித்தான். ரொம்பச் சுத்தமான மனுசன் என்றும் சொல்லலாம், அவ்வளவு குளியல்.

எனக்கு அறுபது ஆனதும் வழியனுப்பு விழா நடந்தது. பேனர் அடிக்கச் சொல்லிக் கொடுத்த கடையில், வயதான ஆளின் படம் என்றால் ஒரே மாதிரி வடிவம்தான் வைத்திருக்கிறார்கள் போல. கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு, நடுவில் நான், தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புறா பறக்கிறது. கீழே "உங்கள் சேவையை என்றும் மறவோம்." பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அதைக் கட்டியதும் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து என் மனைவியின் சித்தி மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாசலில் நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஆட்டோ வாடகை போச்சே என்ற முகம்தான்.

பதவி போனாலும் கமிட்டி என்னைக் கௌரவ ஆலோசகர் ஆக்கியிருந்தது. யாரும் ஆலோசனை கேட்காத ஆலோசகர். இருந்தாலும் நான் தினமும் போனேன். முதல் வாரத்தில் என் மேஜை ஜன்னல் ஓரத்திலிருந்து தண்ணீர் கேன் பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. அடுத்த வாரம் மேஜையின் மேல் தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது. கணக்கு எழுதும் பெண் நான் உள்ளே வந்ததும் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பாள். அது தற்செயல் என்று நினைக்க நான் படாத பாடு பட்டேன்.

என் இடத்துக்கு வந்த சிவகிரிப் பெண், எங்கள் புதுத் தலைவி, நேரடியாகவே சொன்னார். "சார், நீங்க வியாழக்கிழமை மட்டும் வந்தாப் போதும்."

"வியாழக்கிழமை எனக்குத் தோதுப்படாதே."

"அப்ப வர வேண்டாம்."

சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். நான் நின்றேன். எங்கள் ஊரில் அந்த இடத்தில் ஒரு "இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" வர வேண்டும்.

ஆனால் அவர் கைக்குப் போகாத ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. என் போன் நம்பர்.

வேன் ஓடத் தொடங்கிய காலத்தில், ஆபீசுக்கென்று தனி நம்பர் வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயின்டர் வந்து "எந்த நம்பர எழுதட்டும்?" என்று கேட்டான். நான் என்னுடையதைச் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. அதன் பிறகு அந்த நம்பர் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிகளில், ரேஷன் கடைச் சுவர்களில், பஸ் நிறுத்தங்களில், வேனின் முதுகில், ஓர் ஊரில் கிணற்று மேடையில்கூட ஏறிவிட்டது. வேட்பாளர்கள் அழித்துவிட்டுச் சின்னம் வரைவார்கள். மழைக்குச் சின்னம் கரைந்து என் நம்பர் மறுபடியும் எட்டிப் பார்க்கும். அறக்கட்டளையின் பெயர் பல பேருக்குத் தெரியாது. "அந்த நம்பர்க்காரரு" என்பார்கள்.

"அந்த சிம்மை ஆபீசுக்குக் குடுத்துருங்க சார்" என்று புதுத் தலைவி கேட்டார்.

"அதுலதான் என் ஆதார் இருக்கு, பேங்க் இருக்கு, கேஸ் இருக்கு. என் பொண்டாட்டிக்கு அந்த நம்பரைத் தவிர வேற நம்பர் மனப்பாடம் கெடையாது."

"அப்ப யாரு கூப்பிட்டாலும் என் நம்பரைக் குடுத்து, அங்கன பேசச் சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றேன்.

சொல்லவில்லை. சொல்லாததற்கு நான் வருந்தவும் இல்லை. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டவர்களிடமெல்லாம் பழையபடி "வந்துரும், கவலப்படாதீரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு டிரைவருக்குப் போன் போட்டு, இன்னாரை முதலில் ஏற்று, இன்னாருக்குக் கொஞ்சம் நில் என்பேன். டிரைவர் "பாக்கேன் அண்ணாச்சி" என்பான். ஒரு வண்டிக்கு இரண்டு ஸ்டியரிங். டிரைவரின் தலைமுடி அந்த மாதங்களில்தான் கொட்டியது. அவன் அதற்கு என்னைத்தான் காரணம் சொல்கிறான், அவன் அப்பாவுக்கும் சொட்டைதான் என்பதை மறந்துவிட்டு.

இப்படி இருக்கையில்தான் கண்டக்டர் கூப்பிட்டார்.

அவர் கரிவலத்துக்காரர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான். அவருடைய தங்கை மகளுக்கு முகூர்த்த நாளில், ஊர்க் கோவிலில் காலையில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் தாலி ஏறாது. அன்றைக்குத்தான் அவருக்கு டயாலிசிஸ் முறையும் வந்திருந்தது. வேன் ஆறு மணிக்கு வரும், தாலி கட்டுவது ஏழு மணிக்கு மேல். அவர் முதலில் புதுத் தலைவியிடம்தான் கேட்டிருக்கிறார். அவர் முடியாது என்றிருக்கிறார். வேன் ஒரு மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கிற மற்றவர்களின் முறை போய்விடும். அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் பேசி அவருக்கு மறுநாள் இடம் வாங்கி வைத்திருந்தார். மறுநாள் மறுவீட்டு விருந்து. கண்டக்டருக்கு அதையும் விட மனமில்லை. நேரே சுவரைப் பார்த்து எனக்குப் போன் போட்டுவிட்டார்.

"என்ன வே, உம்ம காலத்துல இப்படி உண்டுமா? அந்தப் புள்ள வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுதா."

உம்ம காலத்தில் என்ற வார்த்தை என் தொண்டையில் வெல்லப்பாகு மாதிரி இறங்கியது.

"நீரு தாலி கட்டுறதப் பாத்துட்டு நிதானமா வாரும் வே. வண்டி நிக்கும். நான் சொல்லிக்கிடுதேன்."

டிரைவரிடம் சொன்னேன். "பாக்கேன் அண்ணாச்சி" என்றான். எத்தனையோ ஆயிரம் முறை நானே சொன்ன வார்த்தை. அடுத்தவன் வாயிலிருந்து வரும்போது அதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை. அவன் தலைவியிடம் கேட்டிருக்கிறான். அவர் வழக்கம்போல முடியாது என்றிருக்கிறார். அதை என்னிடம் திரும்பச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை, எங்கள் ஊர்க்காரன் அல்லவா. நான் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. கண்டக்டரோ, வண்டிதான் நிற்குமே என்ற தைரியத்தில், ஆஸ்பத்திரிக்கே பேசி மறுநாள் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முகூர்த்த நாளன்று காலை ஏழரைக்கு என் போன் அடித்தது.

"வே, நான் தாலி கட்டுறதப் பாத்துட்டு வந்து நிக்கேன். வண்டிய எங்க?"

"வந்துரும் வே."

"ஆறு மணிக்கே வந்து ஹாரன் அடிச்சிட்டுப் போயிட்டுன்னு இங்கன டீக்கடையில சொல்லுதான். நீரு என்ன வந்துரும்ங்கீரு?"

அப்போது நான் குளிக்கவில்லை. குளிக்கப் போயிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் குரலில் வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்கியது. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் தெரிந்த கார்க்காரர்களுக்கெல்லாம் பேசினேன். முகூர்த்த நாளில் எங்கள் பக்கம் காலியாக ஒரு கார் கிடைக்கும் என்று நினைப்பவன் வெளிநாட்டுக்காரனாகத்தான் இருக்க வேண்டும். எல்லாக் காரும் ரோஜாப்பூ ஒட்டிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது. கல்யாண வீட்டு வண்டிகளும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டன.

கண்டக்டர் நிறுத்தத்தில் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக நின்றார். பின்னால் சுவரில் என் நம்பர். கால் இரண்டும் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும், வந்த திருநெல்வேலி பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி அவரே ஏறினார். பைக்கை டீக்கடையில் விட்டுவிட்டு நானும் ஏறினேன்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆனால் ஓடுகிற கண்டக்டருக்கு ஓய்வு பெற்ற கண்டக்டரைத் தெரிந்திருந்தது. அவருக்கு இடம் கிடைத்தது. நான் அவருடைய பையைக் கட்டிக்கொண்டு கம்பியில் தொங்கினேன். அவர் பேசத் தொடங்கினார். பஸ்ஸின் கடைசிப் படிக்கட்டு வரை கேட்கும்படி பேசுவது அந்தத் தொழிலில் வந்த பயிற்சி.

"இன்னா நிக்காருல்லா, இந்த மனுசன்தான். ‘நிதானமா வாரும் வே, வண்டி நிக்கும்’னாரு. நான் நிதானமா வந்துட்டேன். வண்டி எங்கய்யா நிக்கி?"

"திருநெல்வேலில நிக்கி" என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா? வாயப் பாத்தீங்களா?"

மல்லிகைப்பூவும் பட்டுச்சேலையுமாக இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "இவரா அந்த நம்பர்க்காரரு? எங்க அத்தானுக்கு முன்சீட்டு தாரேன்னாரே! அவரு சாகுற வரைக்கும் பின்சீட்டுலதான் போனாரு."

காலுக்கிடையில் மூட்டை வைத்திருந்த ஒருவர் என்னிடம் நியாயம் கேட்டார். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான வே?"

"அவருக்கு அது வாயில வராதுய்யா" என்றார் கண்டக்டர். "நல்ல மனுசன்லா! நம்ம நாலு பேரைக் கொன்னாத்தான் அந்தப் பேரு நெலைக்கும்."

பஸ் சிரித்தது. என் வாழ்க்கையில் நான் இருக்கிற இடத்தில் இவ்வளவு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. நகைச்சுவை மட்டும் என்னுடையது இல்லை.

சங்கரன்கோவில் தாண்டி, வன்னிக்கோனேந்தல் தாண்டியும் அவர் என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். என் படிப்பை, என் மீசையை, புறா பறந்த அந்த பேனரை, ஒன்றையும் விடவில்லை. மானூர் வரும்போது நிறுத்திவிட்டார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்துகொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே பஸ்ஸின் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மல்லிகைப்பூ அம்மாள் கையில் இருந்த கல்யாணப் பத்திரிகையால் அவருக்கு விசிறினாள். "திட்டும் வே, திட்டிக்கிட்டே வாரும்" என்று நான் அவரிடம் கெஞ்சினேன். அவர் கையை மட்டும் அசைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் புதுத் தலைவி சக்கர நாற்காலியோடு நின்றார். காலையில் வேனோடு வந்தவர், கண்டக்டர் ஏறவில்லை என்றதும் அவர் வீட்டில் போனில் விசாரித்து, பஸ்ஸில் வருகிறார் என்று தெரிந்து, திரும்பிப் போகாமல் அங்கேயே இருந்திருக்கிறார். கண்டக்டரை உட்காரவைத்து, உள்ளே தள்ளிக்கொண்டு போய், மருத்துவர் பார்த்து, ஆக்சிஜன் வைத்து, கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு நடையில் என்னிடம் வந்தார்.

"நாளைக்கு இவருக்கு இடம் வாங்கி வச்சிருந்தேன். ஒங்க பேச்சக் கேட்டு வேண்டாம்னுட்டாரு. இன்னிக்கு ஒரு மெஷினும் இல்ல. இங்கன இருக்கவங்க எல்லார் காலையும் பிடிச்சு, கடைசி முறைக்கு அப்புறமா ஒண்ணு ஓட்டச் சொல்லிருக்கேன். அதுவரைக்கும் இவரு தாங்கணும். தாங்கலைன்னா யாரு சார் பொறுப்பு? நீங்களா, நானா?"

"ரெண்டு பேரும்தான்னு வச்சுக்கிடுவோம்."

"ஒரு ஆளச் சொல்லுங்க."

அந்த நடையில் வரிசையாக நோயாளிகளின் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வேனில் வந்தவர்களும் இருந்தார்கள். என்னிடம் முன்சீட்டு வாக்குறுதி வாங்கியவர்களில் மூன்று பேர் இருந்தார்கள். யாராவது "விடுங்கம்மா, பெரிய மனுசன்" என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். டிரைவர் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க" என்றேன்.

"அப்ப போனக் குடுங்க."

கொடுத்தேன். அவர் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் குத்தி சிம்மை வெளியே எடுத்தார். தன் போனில் போட்டுக்கொண்டார். என் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அது ஒரு கைக்கண்ணாடி மாதிரி இருந்தது, முகம் பார்க்கலாம், வேறு பயன் இல்லை. அவர் போன் உடனே அடித்தது. "ஆமா, அந்த நம்பர்தான். இல்ல, அவரு இல்ல. எங்கிட்டச் சொல்லுங்க" என்று பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

கண்டக்டர் தாங்கினார். மெஷின் ஓடி முடிந்து, அவர் கையைப் பிடித்து அந்தப் பெண்ணே வீடு வரை கொண்டுபோய் விட்டார். மறுவீட்டு விருந்துக்கு மட்டும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு அதற்குள் இன்னொரு பஞ்சாயத்து காத்திருந்தது. நான் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது என் மனைவி எனக்குப் போன் செய்திருக்கிறாள். எடுத்தது புதுத் தலைவி. இரண்டு பேரும் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள்.

"நல்ல புள்ளயால்லா பேசுது" என்றாள் மனைவி, சோற்றைத் தட்டில் தள்ளியபடி. "நீங்க பண்ணுனது கோட்டித்தனம், கிறுக்குத்தனம்னு சொல்லிச்சு."

"நீ என்ன சொன்ன?"

"இப்பத்தான் தெரியுதாக்கும்னேன்."

புது நம்பர் வாங்கினேன். அதற்கு வந்த முதல் அழைப்பு, கடன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண் குரல். அவளிடம் என் உடம்பு, ஊர் மழை, எலுமிச்சை விலை எல்லாவற்றையும் பற்றிப் பேசினேன். அவளே போனை வைத்துவிட்டாள். ஆனால் என் பேங்கும் கேஸும் பழைய நம்பரோடுதான் குடித்தனம் நடத்தின. எதைத் தொட்டாலும் ஓடிபி புதுத் தலைவியின் போனுக்குப் போகும். மாற்றித் தரச் சொல்லி நான் மனு கொடுத்திருக்கிற அலுவலகங்களில் எல்லாரும் "பாக்கோம் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் சாயங்காலம் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று ஓடிபி எண் கேட்டான். என் புது நம்பரிலிருந்து கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை. "போயிராத, இன்னா வந்துட்டேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். அவர் போனில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நாற்காலி இருந்த இடத்தில் தண்ணீர் கேன்களை அடுக்கியிருந்தார்கள்.

"முடியாது" என்று போனில் சொன்னார். "அரை மணி நேரம்லாம் நிக்காது. ஆறு மணிக்கு வரும். ஏறுங்க. இல்லன்னா முந்தியே சொல்லுங்க, வேற நாள் கேட்டுப் பாக்கேன்." மறுமுனையில் யாரோ கத்தினார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒங்களத்தான் கேக்காவ" என்று போனை நீட்டினார்.

கண்டக்டர். தங்கை மகளும் மாப்பிள்ளையும் மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்புகிறார்களாம், அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வருவதற்கு அரை மணி நேரம் வேன் நிற்க வேண்டுமாம். "வே, நீருதானா? இந்தப் புள்ளைட்ட நீரு ஒரு வார்த்த சொல்லும். ஒம்மால முடியாததா?"

எவ்வளவு நல்ல கேள்வி. வெல்லப்பாகு மறுபடியும் தொண்டைக்கு வந்தது. கணக்கு எழுதும் பெண் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். புதுத் தலைவி என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த நாள் நோயாளிகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கொஞ்சம் பதறியிருக்கலாம்.

"முடியாது வே" என்றேன்.



"யாரு பேசுதது?"

"நாந்தான் வே."

"இல்ல, அவரு இப்படிப் பேச மாட்டாரு. ராங் நம்பரு." வைத்துவிட்டார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "கேஸுக்கு வந்த ஓடிபியச் சொன்னீங்கன்னா" என்று இழுத்தேன். தேடிப் பார்த்துச் சொன்னார். துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஓடினேன். சிலிண்டர்க்காரன் போயிருந்தான். இன்னா வந்துட்டேன் என்று எங்கள் ஊரில் யார் சொன்னாலும் அதற்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் அடுப்பு எரியவில்லை. மனைவி பிளாஸ்க்கைக் கையில் திணித்து என்னைக் காப்பி வாங்க ரோட்டுக்குத் துரத்தினாள். கடையில் நின்றுகொண்டிருந்தபோது வேன் வந்தது. சிவகிரி சுற்றி, கரிவலம் தொட்டு, வழக்கமான நேரத்துக்கு. ஜன்னல் ஓரத்தில் கண்டக்டர் இருந்தார், நெற்றியில் திருநீறோடு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் பழக்கத்தில் பிளாஸ்க் பிடித்த கையை உயர்த்தினேன். டிரைவர் என்னைப் பார்த்தான், பார்த்தது எனக்கு நன்றாகத் தெரியும். வேகத்தைக் குறைக்கவில்லை. கண்டக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நாசமாய்ப் போகிறவர்கள், திருநெல்வேலிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.